மூடாத கணக்குகள்

ஒரு கணக்கை மூடிவிட்டதாக நினைப்பது வேறு. அது மூடப்படுவது வேறு. பங்குச் சந்தையில் பணம் போட்டவர் உயிரோடு இருக்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. எது எங்கே இருக்கிறது என்பது அவர் மனதில் இருக்கும். அவருக்குப் பிறகு அது பிள்ளைகளின் தலைவலி.

அகமதாபாத் மணிநகரில் 2023 இறுதியில் காலமான ஒரு ஜவுளி ஆலைக் கணக்கர், குடும்பத்துக்கு விட்டுச் சென்றது ஒரு வீடு, ஒரு லேப்டாப், இரண்டு அட்டைக் கோப்புகள். 1894-ல் தொடங்கிய அகமதாபாத் பங்குச் சந்தை மாணேக் சௌக்கில் கூச்சலும் கும்பலுமாக இருந்த காலத்தில் பங்கு வாங்கப் பழகியவர். 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்து, பங்குகள் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்குக் குடிபெயர்ந்தபோது அவரும் கூடவே குடிபெயர்ந்தார். தரகர்கள் மாறினார்கள், வங்கி மாறியது, கணக்குகள் பெருகின. கடைசியில் எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோ மென்பொருள் ஒன்றில் ஏற்றினார்.

தொழில் புத்தி போகவில்லை. ஆறு கணக்குகளுக்கும் எதிரே அவற்றின் நிலையைக் குறித்திருந்தார். இரண்டு ‘நடப்பு’, ஒன்று ‘செயல்படாதது’, மூன்று ‘மூடியது’. மூடிய கணக்குகளை மறைத்துவைக்கும் வசதி மென்பொருளில் இருந்தது. அதைப் பயன்படுத்தியிருந்தார். திறந்தால் துடைத்துவைத்த பாத்திரம் போல ஒரு பட்டியல், கீழே ஒரு மொத்தத் தொகை.

காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் 52 வயது மகளுக்கு அந்த மொத்தத் தொகையில் நம்பிக்கை வரவில்லை. அப்பாவின் மின்னஞ்சலைத் தேடி, டெபாசிட்டரி அனுப்பியிருந்த ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுத்தார். ஒரே பான் எண்ணின் கீழ் உள்ள டீமேட் கணக்குகள் அனைத்தும் அதில் வரும். அப்பா 2018-ல் ‘மூடியது’ என்று குறித்த கணக்கு ஒன்று அங்கே உயிரோடு இருந்தது. ஒரு மருந்து நிறுவனத்தின் பங்குகளும் அதில் இருந்தன.

விடை அட்டைக் கோப்பில் கிடைத்தது. கணக்கை மூட அவர் விண்ணப்பித்திருக்கிறார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. எழுபதைத் தாண்டியவரின் கை நடுங்கியதில் வியப்பில்லை. அதற்குள் அவர் மென்பொருளில் ‘மூடியது’ என்று மாற்றிவிட்டார், அந்தக் கணக்கோடு இணைந்த பழைய வங்கிக் கணக்கையும் நிஜமாகவே மூடிவிட்டார். மருந்து நிறுவனம் ஆண்டுதோறும் அனுப்பிய டிவிடெண்டு போய்ச் சேர இடமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது.

டிவிடெண்டு தொடர்ந்து ஏழு ஆண்டுகள் கோரப்படாமல் கிடந்தால், அந்தப் பணத்தோடு பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெறலாம், ஆனால் விண்ணப்பம், சான்றிதழ், நிறுவனத்தின் சரிபார்ப்பு என்று அலைய வேண்டும். இன்னும் ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தால் அந்த அலைச்சல் நிச்சயம். மென்பொருள் பொய் சொல்லவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான்.

மீதி இரண்டும் உண்மையிலேயே மூடப்பட்டவை. “செத்த கணக்குகளை எதற்குச் சுமக்க வேண்டும், அழித்துவிடு அக்கா” என்றார் தம்பி. அக்கா மறுத்துவிட்டார். அந்தக் கணக்குகளிலிருந்த பங்குகள்தான் இடம் மாறி இப்போதைய கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினார் என்ற விவரம் பழைய கணக்கில்தான் இருக்கிறது. வாரிசுக்குப் பங்கு வரும்போது அப்பா வாங்கிய விலையும் வைத்திருந்த காலமும் வரி கணக்கில் சேர்ந்தே வருகின்றன. சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு இன்னொரு சலுகையும் உண்டு: 2018 ஜனவரி 31 வரை கூடிய மதிப்புக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் பங்கு அதற்கு முன்பே வாங்கப்பட்டது என்று காட்ட வேண்டும். 2024 ஜூலை 23 முதல் இந்த வரி 12.5 சதவீதம். வாங்கிய விவரம் தொலைந்தால், கட்ட வேண்டாத வரியையும் கட்ட நேரும்.

‘செயல்படாதது’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. 24 மாதங்கள் எதுவும் வாங்காமல் விற்காமல் இருந்தால் வர்த்தகக் கணக்கைத் தரகர் அப்படிக் குறிப்பார். அது தூங்கினாலும் பக்கத்திலுள்ள டீமேட் கணக்கு தூங்குவதில்லை. டிவிடெண்டு வரும், போனஸ் வரும், பராமரிப்புக் கட்டணமும் வரும்.

வீட்டில் பெரிய சச்சரவு ‘நடப்பு’ கணக்குகளைப் பற்றித்தான். அப்பாவின் பாஸ்வேர்டு தம்பிக்குத் தெரியும். “நாமே விற்று அம்மா பெயரில் போட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, படிவங்களுக்குப் பயம். ஆனால் இறந்தவர் பெயரில் உத்தரவு போடுவது முறைகேடு. பின்னால் சகோதரர்களுக்குள் மனக்கசப்பு வந்தால் அந்த ஒரு விற்பனை கோர்ட்டு வரை இழுக்கும். அக்கா வங்கிக்கும் தரகருக்கும் மரணச் சான்றிதழைக் கொடுத்தார். கணக்குகள் முடக்கப்பட்டன. ஒன்று அம்மாவுடன் கூட்டாக இருந்ததால், அம்மா பெயரில் மட்டும் புதிய கணக்கு திறந்து பங்குகள் மாற்றப்பட்டன. மற்றதில் அம்மா நாமினி. நாமினி என்பதால் மட்டும் ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுரிமைச் சட்டம்தான் முடிவு செய்யும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. எனவே மூன்று பிள்ளைகளும் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. பேசினார்கள். அப்பா போனபின் அவர்கள் ஒன்றாக உட்கார்ந்தது அன்றுதான்.

2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. செல்போனில் பத்து நிமிடத்தில் கணக்குத் திறந்து, ஆறு மாதத்தில் அந்தச் செயலியையே நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. செயலியை நீக்கினால் கணக்கு மூடிவிட்டது என்பது அவர்கள் நினைப்பு. மணிநகர்ப் பெரியவரின் நினைப்பும் ஏறக்குறைய அதுதான்.

மகள் அந்தப் பட்டியலை மாற்றி எழுதினார். மூன்று நிலைகள் ஐந்தாயின: நடப்பு, செயல்படாதது, முடக்கப்பட்டது, வாரிசு மாற்றத்தில் உள்ளது, மூடியது. ஒவ்வொன்றின் எதிரேயும் தேதி, அதற்கு ஆதாரமான காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற குறிப்பு. நிறுவனத்திடமிருந்து கடிதம் வராமல் எதையும் ‘மூடியது’ என்று எழுதுவதில்லை. மூடியவை மறைக்கப்படவும் இல்லை. பட்டியலின் அடியில் இருக்கின்றன.

அட்டைக் கோப்பில் அகப்பட்ட நான்கு காகிதப் பங்குப் பத்திரங்களுக்கு மென்பொருளில் இடமே இல்லை. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்குகளை விற்றுப் பெயர் மாற்ற முடியாது. வாரிசுக்கு மாற்றலாம், அதற்கும் நடை உண்டு. அவற்றுக்காக ‘வெளியே உள்ளது’ என்று ஆறாவதாக ஒரு நிலையைச் சேர்த்துக்கொண்டார்.

பட்டியலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். பங்கு, பத்திரம் என்று எதிலும் தலையிடாத அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இதில் எது முடிந்துவிட்டது?”

“இரண்டுதான் அம்மா.”

“சரி, அந்த இரண்டையும் பத்திரமாக வை” என்றார் அம்மா.