டிஸ்னிலேண்ட் பாஸும் எங்கள் வீட்டுக் கணக்கும்

தெற்குக் கலிபோர்னியாவில் சின்னப் பிள்ளைகளோடு குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், டிஸ்னிலேண்டுக்கு வருடாந்திர பாஸ் வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு என்றாவது ஒருநாள் வந்தே தீரும். எங்கள் வீட்டிலும் வந்தது. சில வருஷம் வாங்கினோம், பிறகு விட்டுவிட்டோம். வாங்கியதும் சரி, விட்டதும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது பிடிபட எனக்குக் கொஞ்சம் நாளாயிற்று.

பாஸ் வாங்குவதற்கு முன்பு, ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தபோது ஒருநாள் டிக்கெட்டில் போனோம். விலையை அப்பாவிடமிருந்து மறைக்க முடியவில்லை. மனசுக்குள்ளேயே ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு, “உள்ள போனப்புறம் ராட்டினத்துக்குத் தனியா காசு உண்டாம்மா?” என்றார்.

“இல்லப்பா, எல்லாம் இதுலயே அடக்கம்.”

“அப்போ எதுலயும் ஏறாத எனக்கும் இதே காசா?”

தீம் பார்க் விலையின் கதை முழுக்க அப்பாவின் அந்தக் கேள்வியில் இருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர்தான். சவாரி ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு, நம் தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரியே. அதே வருஷம் சீட்டுப் புத்தகம் வந்தது. சின்ன சவாரிக்கு ‘ஏ’ சீட்டு, அதைவிடப் பெரியதற்கு ‘பி’, ‘சி’ என்று தரம் பிரித்தார்கள். 1959இல் மேட்டர்ஹார்ன் மலை சவாரியும் மோனோரயிலும் நீர்மூழ்கியும் வந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே ‘ஈ’ சீட்டு வந்தது. 1982இல் புத்தகத்தையே எடுத்துவிட்டு, 12 டாலர் கொடுத்தால் எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆக்கினார்கள்.

கேட்க நல்ல பேரம் போலத்தான் தெரியும். ஆனால் ஏறாதவரும் ஏறுகிறவருக்குச் சமமாகக் கொடுக்கிறார். ஏறுகிறவரோ, முன்பு சீட்டாகக் கொடுத்ததை இப்போது வரிசையில் நிற்கும் நேரமாகக் கொடுக்கிறார். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க 1999இல் இலவசமாக வந்த ‘ஃபாஸ்ட் பாஸ்’ இன்று இல்லை. அதன் இடத்தில் இருக்கும் ‘லைட்னிங் லேன்’ வசதிக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும்.

பிறகு நாளுக்கொரு விலை வந்தது. 2016இல் கூட்டத்தைப் பொறுத்து ஒருநாள் டிக்கெட்டை 95, 105, 119 டாலர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2025 அக்டோபர் விலைப்பட்டியலில் மிகக் குறைந்த விலை 104 டாலர், உச்ச விலை 224. அதே பூங்கா, அதே ராட்டினம், நாள் மட்டும் வேறு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ராட்டினத்தை ஓட்டும் செலவு பெரிதாகக் குறையாது. அதனால் காலியான நாளைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, எல்லாரும் கேட்கும் நாளைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். டிக்கெட் வயதைப் பார்க்கும், சவாரி உயரத்தைப் பார்க்கும். 3 வயது நிறைந்தால் டிக்கெட் உண்டு, 10 வயதிலிருந்து பெரியவர் விலை. ஆனால் ஸ்பேஸ் மவுன்டனில் ஏற 40 அங்குலம் இருக்கவேண்டும், மேட்டர்ஹார்னுக்கு 42, இண்டியானா ஜோன்ஸுக்கு 46. என் மகள் அந்த அளவுகோல் பலகையில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கழுத்தை மட்டும் நீட்டி நிற்பாள். நின்றதும் பக்கத்தில் இருக்கும் ஊழியரின் முகத்தைத்தான் பார்ப்பாள். பிள்ளை 40 அங்குலத்தைத் தொடும்வரை, ஏறமுடியாத பெரிய சவாரிகளுக்கும் சேர்த்தே நாம் பணம் கட்டுகிறோம்.

அப்பா, அம்மாவோடு போன அன்று காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே இருந்தோம். நடுப்பகலுக்குள் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மெயின் ஸ்ட்ரீட் பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலைக் கரையைச் சற்று தூக்கிக் கணுக்காலை நீவிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்றால், “இவ்வளவு காசு கொடுத்திருக்கே, வாணவேடிக்கையையும் பார்த்துட்டே போயிடலாம்” என்றாள். அவளை அங்கே உட்கார்த்தி வைத்தது ஆசை இல்லை, டிக்கெட் விலை. ஒருநாள் டிக்கெட்டோடு ஒரு பதற்றமும் சேர்ந்தே வருகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பாஸ் வாங்க எனக்கு மனசு வந்தது அதனால்தான். கொரோனாவில் பூங்கா மூடியிருந்தபோது, 2021 ஜனவரியில் பழைய பாஸ் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ‘மேஜிக் கீ’ என்ற பெயரில் புதிய திட்டம் வந்தது. அறிமுக விலை 399, 649, 949, 1,399 டாலர் என்று நான்கு படி. 3 வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே விலை. மிகக் குறைந்த படி தெற்குக் கலிபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். பெரும்பாலான வார இறுதிகளும் விடுமுறைக் காலங்களும் அதில் கிடையாது. போகும் நாளை முன்பதிவு செய்யவேண்டும். 90 நாளுக்குள் மூன்று முறை பதிவு செய்துவிட்டு வராமல் போனால், 30 நாளைக்குப் புதிதாகப் பதிவு செய்யமுடியாது.

நாங்கள் வாங்கியது அந்தக் குறைந்த படியைத்தான். நண்பர்கள் எல்லாரும் பாஸ் விலையை ஒருநாள் டிக்கெட் விலையால் வகுத்து, இத்தனை முறை போனால் லாபம் என்பார்கள். அந்த வகுத்தலில் நிறைய விட்டுப்போகிறது. பார்க்கிங் நாளொன்றுக்கு 30 டாலருக்கு மேல். உள்ளே சாப்பிட்டால் அது தனி. பாஸ் இருப்பதாலேயே போகும் ஒவ்வொரு நாளும் செலவுதானே தவிர வரவு இல்லை. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக டிஸ்னிலேண்ட் அனுமதிக்கிறது என்பது எங்களுக்குப் பெரிய உதவி. தயிர்சாதமும் எலுமிச்சை சாதமும் அங்கே நிறைய சாப்பிட்டிருக்கிறோம்.

பாஸ் எங்களுக்குத் தந்த லாபம் வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் புறப்பட்டு, பூங்காவைச் சுற்றி ஓடும் நீராவி ரயிலில் ஒரு சுற்று போய்விட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிந்தது. வரிசை நீளமாக இருந்தால் மகளே “அடுத்த தடவை பாத்துக்கலாம்மா” என்பாள். ஒருநாள் டிக்கெட்டில் போகிற பிள்ளையால் அப்படிச் சொல்லமுடியாது. தூக்கம் வந்தால் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், மழை வந்தால் திரும்பிவிடலாம். எதையும் பார்க்காமல் திரும்பினாலும் யாருக்கும் மனசு அடித்துக்கொள்ளாது. நான் பணம் கொடுத்தது அந்த நிதானத்துக்கு. அதற்கு அந்த விலை தகும் என்று இப்போதும் சொல்வேன்.

மகள் வளர்ந்தாள். நாட்டிய வகுப்பு, தமிழ்ப் பள்ளி, பக்கத்து வீட்டுத் தோழி என்று அவளுடைய நாட்கள் நிரம்பின. முன்பதிவு செய்துவைத்த ஒரு நாளில், “கிளம்பு கண்ணு, போய் ரொம்ப நாளாச்சு” என்றேன். “இன்னிக்குப் போயே ஆகணுமாம்மா?” என்று கேட்டாள். கையில் பாதி முடித்த படம், தரை முழுக்க வண்ணப் பென்சில்கள். நான் அவளைக் கிளப்பியதற்குக் காரணம் பாஸ் வீணாகிவிடுமே என்பதுதான், வேறொன்றுமில்லை. அம்மாவைப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்த அதே பதற்றம் இப்போது எனக்குள் வந்திருந்தது. பதற்றம் வேண்டாம் என்று வாங்கிய பாஸே பதற்றத்தைத் தந்தால், அதற்கு இனி என்ன விலை கொடுத்தாலும் அதிகம்தான். அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. எங்கள் யாருக்கும் வருத்தமும் இல்லை.

என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்குக் கூட்டம் குறைந்த, விலை குறைந்த வாரநாளாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். குடும்பத்தில் யார் எதில் ஏறுவார்கள் என்று ஆளாளுக்குத் தனியாக எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு 3 வயது ஆகுமுன் போனால் அதற்கு டிக்கெட்டே வேண்டாம். பெரிய சவாரிக்கு ஆசைப்படும் பிள்ளை என்றால் 40 அங்குலம் வளரட்டும். அரைமணி நேரத்தில் போய்ச்சேரும் தூரத்தில் வீடும், வாரநாளில் மாலை நேரமும் இருந்தால் மட்டும் பாஸைப் பற்றி யோசியுங்கள். வாங்கினால், புதுப்பிக்கும் மாதம் வரும்போது கால்குலேட்டரை எடுப்பதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். அது தானாகப் போகலாம் என்றால் பணம் கட்டுங்கள். நீங்கள் கிளப்பித்தான் அது வருகிறது என்றால் கட்டாதீர்கள்.