தேதி இருக்கா?

புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்க்காரர் யாரையாவது தை மாதம் பிடித்து நிறுத்திப் பாருங்கள். 'சௌக்கியமா?' என்று கேட்பதற்கு முன்னால், 'நாரதருக்குத் தேதி கெடச்சிருச்சா?' என்பார். தையில் சூடு பிடித்து, பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சத்துக்குப் போகிற சீசன் அது. நல்ல நாரதருக்கு அடிதடி!

மெட்ராஸ் சபா நாடகம் மட்டும் பார்த்த அன்பர்களுக்கு ஒரு விளக்கம். இதற்குப் பெயர் ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது. முருகன் மதுரையிலிருந்து வருவார், வள்ளி புதுக்கோட்டை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி. ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்கி, டீ குடித்து, பவுடர் பூசி, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியற்காலைதான் முடியும். ஒத்திகையா? மூச்! சில சமயம் முருகனும் வள்ளியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். (கதைப்படியும் அது சரிதானே!)

இந்தக் கூத்து தடுமாறாமல் நடக்கிறது என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புண்ணியம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று அவர் எழுதி வைத்ததுதான் எல்லோருக்கும் பாடம். எந்த ஊர் ஆளைக் கூட்டி வந்தாலும் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு என்று தெரியும். 1918-ல் மதுரையில் பையன்களைச் சேர்த்து அவர் நடத்திய மாதிரி கம்பெனிகள் எல்லாம் போய்விட்டன. பாடம் மட்டும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்காக எல்லாமே மனப்பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் என்று ஒரு கட்டம் வரும். நாரதர் எடக்குமடக்காகக் கேட்பார். வள்ளி அங்கேயே, அப்போதே பதில் சொல்லியாக வேண்டும். மேனேஜர் திடீரென்று பழைய ஃபைலைக் கேட்டால் நாம் ஒரு முழி முழிப்போமே, அதை வள்ளி முழித்தால் போச்சு. கூட்டம் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிடும். பபூன் காமெடியில் இரட்டை அர்த்தம் கொஞ்சம் ஓவர் என்பது என் கட்சி. ஆனால் இந்தத் தர்க்கத்துக்காக எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் கண் விழிக்கலாம்.

எங்கள் ஊர்க் கமிட்டியில் கணக்கெழுதும் வேலை என் தலையில். (பி.காம். படித்த பாவம்!) தலைக்கட்டு வரியைக் கூட்டிப் பார்த்ததும் இளவட்டங்கள் ஆரம்பித்தார்கள். "நாடகம் எதுக்கு? ஆர்கெஸ்ட்ரா வைப்போம்."

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியப்பா கேட்டார்: "ஆர்கெஸ்ட்ராக்காரன் நடுராத்திரிக்கு முன்னாடியே மூட்டை கட்டிருவான். மிச்ச ராத்திரிக்கு சாமி தனியா ஒக்காந்து என்னடா செய்யும்?"

தீர்மானம் நிறைவேறியது.

தாம்பூலமும் அட்வான்ஸுமாக நாரதர் வீட்டுக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டியவர். தேதி பார்க்க டைரியை எடுத்தபோது அடியிலிருந்த பழைய டைரி ஒன்று நழுவி விழுந்தது. 2020. பங்குனியிலிருந்து வைகாசி வரை பக்கத்துக்குப் பக்கம் ஊர்ப் பெயர். அத்தனையின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு.

"மார்ச்சுல ஊரடங்குன்னாங்க. எல்லாம் போச்சு" என்றார். "ஆறு மாசம் பாடி வருசம் பூரா சாப்பிடுற பொழப்பு தம்பி இது. அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்க வீட்டம்மா கம்மல் அடகுக்குப் போச்சு. மறுவருசமாவது மீட்கலாம்னா, 2021 மே மாசம் மறுபடியும் பூட்டுனாங்க."

"அப்புறம் மீட்டாச்சாண்ணே?"

"ஒண்ணை மீட்டாச்சு." உள்ளேயிருந்து டம்ளர் வைக்கிற சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. அவசரமாகப் புது டைரியைப் புரட்டினார். "உங்க தேதி இருக்கு. வள்ளி யாரு?"

சொன்னோம். பேனாவை மூடிவிட்டார்.

"அந்தப் பொண்ணா? போன வருசம் அது கேட்ட ஒரு கேள்விக்கே நான் இன்னும் பதில் தேடிக்கிட்டிருக்கேன்!" என்றவர், யோசித்துவிட்டுப் பேனாவைத் திறந்து எங்கள் ஊர்ப் பெயரை எழுதினார்.