முத்து போச்சு... கார் வந்துச்சு!

முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போய் தூத்துக்குடியில இறங்கினா மக்ரூன் வாங்குவீங்க, பீச் ரோட்டுல ஒரு ரவுண்டு அடிப்பீங்க. அதோட திரும்பிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்! அப்படியே சில்லாநத்தம் சிப்காட் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க.

உப்புக்குப் பேர்போன ஊர்ல எலெக்ட்ரிக் கார் ஃபேக்டரி! வியட்நாம் கம்பெனி வின்ஃபாஸ்ட், 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ல திறந்தது. தொடக்கத் திறன், வருஷத்துக்கு 50,000 கார்.

ஏன் இங்கே? துறைமுகம்தான்! பாகங்கள் கப்பல்ல வந்து இறங்கும். பூட்டி முடிச்ச காரை அப்படியே வெளிநாட்டுக்கும் அனுப்பலாம்.

இவங்க கதையே யூ-டர்ன் கதைதான். 2019-ல பெட்ரோல் கார் விற்க ஆரம்பிச்சு, 2022-லயே அதை நிறுத்திட்டாங்க. இனி எல்லாமே எலெக்ட்ரிக். 2024-ல, அமெரிக்காவின் வட கரோலினா ஆலையை 2028-க்குத் தள்ளிவெச்சாங்க. அங்கே பிரேக், இங்கே ஆக்ஸிலரேட்டர்! நம்ம ரோட்டுக்காக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வெச்சு, வி.எஃப் 6, வி.எஃப் 7-னு ரெண்டு மாடலோட ஆரம்பிச்சாங்க.

சரி, நாளைக்கு விற்பனை படுத்துட்டா? அதை இந்தக் கடல்கிட்ட கேளுங்க. கொற்கை காலத்துலேருந்து முத்துக் குளிச்ச கடல் இது. உலகச் சந்தையை ஜப்பானோட வளர்ப்பு முத்து பிடிச்சுது. இங்கே சிப்பிப் பார்களும் வெறிச்சோடிச்சு. 1961-ஓட முத்துக்குளிப்பு முடிஞ்சுபோச்சு. ஆனா, துறைமுகம் ஓயலை. இன்னொரு சரக்கைத் தூக்கிச்சு.

ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. படிக்கிற பார்ட்டிகளே... ஒரு கம்பெனி பேரை மட்டும் நம்பி உள்ளே போகாதீங்க. பேட்டரி, மோட்டார், ரோபோ வெல்டிங்னு தொழிலைக் கத்துக்கங்க. கம்பெனி எப்போ வேணா பிளானை மாத்தும். கைத்தொழில் உங்ககூடவே வரும்!