காசினோ மலையில் செப வேளைகள்

உரோமையிலிருந்து நேப்பிள்ஸ் செல்லும் வழியில், ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தொலைவில் காசினோ நகர் உள்ளது. நகருக்கு மேலே, 500 மீட்டருக்கும் சற்று உயர்ந்த மலைமீது மோந்தே காசினோ மடம் வெண்ணிறக் கோட்டைபோல் வீற்றிருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில், வாயிலின் மேல் 'சமாதானம்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் காணக்கிடைக்கிறது. நான்கு முறை அழிந்த இடத்திற்கு இச்சொல்!

புனித ஆசீர்வாதப்பர் ஏறக்குறைய கி.பி. 529-இல் இம்மடத்தை நிறுவினார். பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் ஆண்டவரைப் புகழுமாறு அவருடைய ஒழுங்குநூல் வகுத்தது. 150 சங்கீதங்களும் ஒரு வாரத்தில் முடிய வேண்டும். முன்னோர் ஒரே நாளில் செய்ததை நாம் வாரத்திலேனும் செய்வோமே என்று அவர் வருந்தி எழுதினார். திருப்புகழ்மாலையை நான்கு வாரங்களுக்குப் பகிர்ந்து சொல்லும் குருக்களாகிய எங்களைக் கண்டால் என்ன சொல்வாரோ!

அந்நூலின் 50-ஆம் அதிகாரம் சிறியது. எனினும் எனக்கு மிகவும் பிடித்தது. தொலைவில் உழைக்கும் துறவி, வேளை வந்ததும் அங்கேயே முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும். பயணம் செல்பவரும் அவ்வேளைகளைத் தவறவிடலாகாது. ஆலயம் எட்டாத இடத்திலும் செப வேளை உண்டு என்பதே இதன் கருத்து.

மடத்தின் வரலாற்றில் இவ்விதி பலமுறை தேவைப்பட்டது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் லொம்பார்டியர் மடத்தை அழிக்க, துறவியர் உரோமைக்கு ஓடினர். நூறாண்டுக்கும் மேல் மலை பாழாய்க் கிடந்தது. 883-இல் சரசேனியர் எரித்தனர். 1349-இல் நிலநடுக்கம் இடித்தது.

1944 பிப்ரவரி 15 அன்று காலை, துறவியர் செபத்தில் இருந்தபோதே நேச நாட்டு விமானங்களின் குண்டுகள் விழுந்தன. மாண்டவர்கள் மடத்தில் தஞ்சம் புகுந்திருந்த ஏழை மக்களே. இரு நாள் கழித்து, எண்பதை நெருங்கிய மடாதிபதி கிரகோரியோ தியமாரே, பெரிய மரச்சிலுவை முன்செல்ல, எஞ்சியோருடன் செபமாலை சொல்லிக்கொண்டே மலையிறங்கினார். முதிய சகோதரர் ஒருவர் மட்டும் இடிபாடுகளுக்கே திரும்பிவிட்டார். ஏப்ரல் தொடக்கத்திற்குப் பின் அவரை எவரும் காணவில்லை. மணியும் பாடற்குழுவும் இல்லாத அந்த வாரங்களில் அவர் எவ்வாறு வேளைகளைக் கடைப்பிடித்தார் என்பதை இறைவனே அறிவார்.

இருந்தவிடத்தில் இருந்தவாறே மடம் மீண்டும் எழுந்தது. 1964 அக்டோபர் 24-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆலயத்தை அபிஷேகம் செய்தார். இன்று துறவியர் மிகச் சிலரே. ஆயினும் செப வேளைகள் தொடர்கின்றன. அடிவாரத்துப் போர்வீரர் கல்லறையில் நம் இந்திய வீரர்களின் பெயர்களும் உள்ளன. அவ்வழி செல்வோர் அங்கும் சற்று நிற்கலாம்.