நம்பர் பன்னிரண்டு

மாத்தளை. செவிப்புலன் கிளினிக். வாங்கு நிறையப் பிள்ளைகள்.

அட்டெண்டன் கதவருகே நின்று நம்பரைக் கத்துகிறார். பிள்ளைகள் நிமிர்வதில்லை. தாய்மார் நிமிர்கிறார்கள்.

சுவரில் போஸ்டர். பிறந்து ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை. மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல். ஆறு மாதத்துக்குள் கருவி. ஒரு மூலை பசை விட்டுத் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்திருக்கும் சிறுமிக்கு ஐந்து வயது. கழுத்தில் முத்துமாரியம்மன் கோவில் கயிறு. ஒன்றல்ல, மூன்று.

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம். அம்மாவும் அப்பாயியும் கூட வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்று நாட்கூலிப் பேர் இல்லை, அரைப்பேர்கூட இல்லை.

உள்ளே ஒரு பையனுக்கு அச்சு எடுக்கிறார்கள். நூல் கட்டிய பஞ்சு முதலில் காதுக்குள் போகிறது. இரண்டு நிறக் களியை மிஸ் பிசைந்து ஒரே நிறமாக்குகிறார். ஊசியில்லாத சிரிஞ்சில் அடைத்துக் காதை நிரப்புகிறார். சில நிமிடம் அசையக் கூடாது. பையன் கொட்டாவி விடுகிறான். அச்சு வெளியே வருகிறது. காதின் மேடு பள்ளமெல்லாம் அதில். பையன் வாங்கி முகர்ந்து பார்க்கிறான்.

நம்பர் பன்னிரண்டு.

சிறுமியின் அச்சுகள் தயாராகி வந்திருக்கின்றன. முதல் கருவி காதின் பின்னால் ஏறுகிறது. உடனே கீ என்று விசில். அறையே திரும்புகிறது, சிறுமியைத் தவிர. மிஸ் அச்சைத் திருகி அழுத்துகிறார். விசில் நிற்கிறது. அடுத்த காது.

மிஸ் காகிதத்தால் வாயை மறைக்கிறார். ஆ. சிறுமியின் கையிலிருந்து குச்சியில் வளையம் விழுகிறது. ஊ. வளையம். ம். வளையம். ஈ. யோசனை, பிறகு வளையம். ஷ். கை தயங்குகிறது. ஸ். வளையம் கன்னத்தோடு ஒட்டியபடியே இருக்கிறது. மிஸ் கணினியில் எதையோ கூட்டுகிறார். மறுபடி ஸ்.

அம்மா மகளைக் கூப்பிடத் தோளைத் தொடப் போகிறார். மிஸ் தலையாட்டி மறுக்கிறார். அம்மா தொண்டையைச் செருமுகிறார். சிறுமி செருமலுக்கே திரும்பிவிடுகிறாள்.

பிறகு பாடம். மழையில் நனையக் கூடாது. இரவில் கழற்றி டப்பாவில் போட வேண்டும். பற்றரி 13ஆம் நம்பர்; செம்மஞ்சள் ஒட்டுத்தாளை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுத்தான் மூட வேண்டும். மிஸ் சிங்களத்தில் சொல்கிறார். அட்டெண்டன் தமிழில் சொல்கிறார். அம்மா விரல் மடக்குகிறார்.

"எத்தன நாளைக்கு வரும்?"

"பத்து நாள். ரெண்டு கிழமையும் ஓடும்."

"எங்க கடையில டோர்ச் பற்றரிதான் இருக்கு," என்கிறார் அப்பாயி.

மிஸ் ஓர் அட்டையை நீட்டுகிறார். ஆறு பற்றரி. காது இரண்டு. அம்மா மறுபடி விரல் மடக்குகிறார்.