காணாமற்போன கோப்பும் பிழைநீக்கியும்

முறிந்து நின்ற நிரலை ஜிடிபி என்னும் பிழைநீக்கியில் திறந்தால், பல வேளைகளில் கோப்பு இல்லை என்ற விடையே வருகிறது. நிரலைத் தொகுத்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். அவருடைய பழைய கோப்புறையின் பாதை மட்டும் நிரலுக்குள் எஞ்சியிருக்கும். கோப்புறை இடம் மாறியது மட்டுமெனில் 'செட் சப்ஸ்டிடியூட்-பாத்' என்ற ஒரே கட்டளை போதும். பிழைநீக்கத் தகவல் தனிக்கோப்பாகப் பிரிக்கப்பட்டுத் தொலைந்திருந்தால்தான் சிக்கல். 2009இல் வெளிவந்த 7.0 பதிப்பிலேயே ஜிடிபி பைத்தானை ஏற்றுக்கொண்டது. 2024இல் வந்த 15ஆம் பதிப்போ, அக்கோப்பு கிடைக்காதபோது ஆய்வாளர் எழுதிவைத்த பைத்தான் துணைநிரலை அழைக்கிறது. துணைநிரல் 'பில்ட் ஐடி' என்னும் அடையாளத்தைக் கொண்டு ஆய்வகச் சேமிப்பகத்தில் தேட வேண்டும். பெயரை நம்பித் தேடலாகாது. ஒரே பெயரில் எத்தனை பிரதிகள்! ('ஃபைனல்', 'ஃபைனல் 2' ஆகியவற்றை அறியாத ஆய்வகம் ஏது?) பொருந்தாத பிரதி கிடைத்தால், பிழைநீக்கி தொடர்பற்ற வரியைச் சுட்டும், அவ்வரியைத் திருத்திப் பெற்ற எண்கள் ஆய்வேட்டில் ஏறிவிடும்.