கதிரவெளிக்குச் சென்ற இரு கார்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கதிரவெளிக்குப் புறப்படும் ஒருவர், எப்போது போய்ச் சேருவார் என்பதை முன்னாளில் உறுதியாகச் சொல்ல முடியாது. திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர வீதி, ஆறுகளையும் வாவிகளையும் ஊடறுத்துக்கொண்டு போவது. பாலமில்லாத துறைகளில், நம் கிழக்கிலங்கையார் 'பாதை' என்றழைக்கும் மிதவையில் வண்டியை ஏற்றிக் கடக்க வேண்டும். நீரோட்டம் மிகுந்த மாரி நாட்களில் அதுவும் இல்லை. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டிலே கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து அவ்வீதியின் ஏனைய துறைகளிலும் புதிய பாலங்கள் எழுந்தன. இன்று கதிரவெளிவரை வீதி கறுத்த பாய் விரித்தாற்போலக் கிடக்கிறது. காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற் போய்விடலாம்.

வீதி சீரானதும் கார் வாங்கும் ஆசை வருவது இயல்பே. ஆனால் கதிரவெளியிலுள்ள எமது பெரியம்மா வீட்டில் கார் வாங்க எண்ணியதற்கு ஆசை காரணமன்று. எழுபத்தைந்து வயதான பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டவர். மாதமொரு முறை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்து வரவேண்டும். பஸ்ஸில் வந்து திரும்பினால் மூன்று நாட்களுக்குப் படுக்கையை விட்டு எழமாட்டார். பிள்ளைகள் இருவரும் சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பழைய ஜப்பானியக் கார் வாங்கலாம் என்று தீர்மானித்தார்கள். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலிருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே பழையது என்றால் நன்றாகவே பழையது.

விலைக்கு வந்தவை இரண்டு. ஒன்று வெள்ளை நிறம்; மெத்தென்று ஓடுவது. மற்றது சாம்பல் நிறம். வீதியை இறுகப் பற்றி ஓடுவது. ஆசிரியரான அண்ணனுக்கு வெள்ளைக் கார் பிடித்தது. கட்டாரில் பத்தாண்டு சாரதியாக இருந்து வந்த தம்பிக்குச் சாம்பல் கார்தான் கார். "அம்மாவின் முதுகைப் பார்" என்பார் மூத்தவர். "அம்மாவின் உயிரைப் பார்" என்பார் இளையவர். தெரிந்தவர்களின் கார்கள் ஆகையால், இரண்டையும் ஓரிரு நாள் ஓட்டிப்பார்க்க இணங்கியிருந்தார்கள். நடுவர் பதவி எமக்குக் கிடைத்தது. காரைப்பற்றி எமக்கு என்ன தெரியும் என்று எவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வேலை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்கு நகரை விட்டோம். வெள்ளைக் காரை அண்ணன் ஓட்ட, முன்னால் நாம். பின்னால் பெரியம்மா, அண்ணி, எட்டு வயதுப் பேரன். பெட்டியில் ஒரு மூடை மாவும் மாதச் சாமான்களும். சாம்பல் கார் எம்மைத் தொடர்ந்தது. ஏறாவூர், சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை ஆகிய ஊர்கள் கடந்ததே தெரியவில்லை. "மனே, தொட்டில் போல இரிக்கு" என்று கூறிப் பெரியம்மா கண்ணயர்ந்தார். முன்பு புகைவண்டியும் மோட்டார் வண்டிகளும் ஒரே இரும்புப் பாலத்தில் முறைவைத்துக் கடந்த ஓட்டமாவடியில், இப்போது வீதிக்கெனத் தனிப் பாலம் உண்டு. அதையும் தாண்டி நாவலடிச் சந்தியில் வலப்புறம் திரும்பினோம்.

அதன் பிறகுதான் தொட்டில் வேறு விதமாக ஆடத் தொடங்கியது. பாலமும் மதகும் உறுதியான அத்திவாரத்தின்மேல் அசையாமல் நிற்பவை. அவற்றை அணுகும் வீதியோ நிரப்பிய மண்ணின்மேற் கிடப்பது. காலப்போக்கில் மண் அமிழ, பாலத்தின் இரு முனைகளிலும் சிறு பள்ளம் விழுந்துவிடுகிறது. அத்தகைய ஒவ்வோரிடத்திலும் வெள்ளைக் கார் எழுந்து, தாழ்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி தாழ்ந்து, அடுத்த மதகு வரும்வரை அடங்காமல் ஓடிற்று. வளைவுகளில் ஒருபுறம் சாய்ந்து மெல்ல நிமிர்ந்தது. காயாங்கேணியில் பேரனின் பேச்சு நின்றது. பனிச்சங்கேணிப் பாலத்தில், இருபுறமும் வாவி பொன்னாக மின்னிய அந்த மாலை வேளையில், நாம் காரை நிறுத்தி அவனுடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தோம். உண்டதெல்லாம் வெளியேறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை மாணவ வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அமர்ந்திருக்கும் மனிதனின் உடல், நொடிக்கு 4 முதல் 8 முறை வரையான மேல்கீழ் அதிர்வையே மிகக் கூர்மையாக உணர்கிறது. முள்ளந்தண்டு நொந்தவருக்குப் பகையானது அதுவே. குமட்டலைத் தூண்டுவதோ நொடிக்கு அரைமுறைக்கும் குறைவான நெடிய ஆட்டம். கடலிற் செல்வோரைக் கிடத்திவிடுவதும் அதுதான். வில்களின்மேல் நிற்கும் குடும்பக் காரின் உடல் பொதுவாக நொடிக்கு ஒரு முறை அல்லது சற்றே மிகையாக எழுந்து தாழும். பந்தயக் குணமுள்ள கார்களில் இது ஒன்றரை முறையும் அதற்கு மேலும் போகும். வில்லைத் தளர்த்தத் தளர்த்த முதுகு மகிழ்கிறது. கார் சாய்ந்தும் அசைந்தும் போகப் போக வயிறு முறையிடுகிறது. பாட்டியும் பேரனும் ஒரே ஆசனத்தில் இருந்துகொண்டு இருவேறு கார்களைக் கேட்கிறார்கள்.

வாகரையையும் பால்சேனையையும் கடக்கையில் இருட்டத் தொடங்கிவிட்டது. இருமருங்கும் பற்றைக்காடு. மேய்ச்சலிலிருந்து திரும்பிய எருமையொன்று, எவ்வித முன்னறிவித்தலுமின்றி வீதியின் நடுவே வந்து நின்றது. அண்ணன் வேகமாக ஓட்டவில்லை. அறுபதுக்கு உட்பட்டே இருந்தது. சுக்கானை வெட்டினார். கார் முதலில் சாய்ந்தது; அதன் பின்னரே திரும்பிற்று. மீண்டும் நேர்ப்படுத்தியபோது உடல் மறுபக்கம் வீசப்பட, இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு மணலில் இறங்கின. ஒரு கணம் எவருடைய கையிலும் இல்லாத வண்டியாக அது சென்றது. பிறகு நின்றது. எருமை எம்மைத் திரும்பியும் பாராமல் நடந்து போயிற்று. எவருக்கும் காயமில்லை, ஆனால் அண்ணனின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பின்னால் வந்த தம்பி இறங்கி வந்து பார்த்தார். "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

கதிரவெளி பெரிய ஊரன்று. கிழக்கே கடல், மேற்கே வயலும் காடும், வடக்கே சற்றுத் தூரத்தில் வெருகலாறு, அதன் கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வெருகலில் தங்கி இவ்வூர் வழியாகத்தான் தெற்கே போவார்கள். பெருங்கற்காலத்தவரின் ஈமச் சின்னங்கள் காணப்பட்ட இடங்களுள் ஒன்றாகவும் ஆய்வாளர் இதனைக் குறிப்பர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கண்டது இக்கரை. 2006 நவம்பர் 8இல், இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டதும் இவ்வூரிலேதான். இவற்றைப்பற்றிப் பெரியம்மா அதிகம் பேசுவதில்லை. "அந்த நாளில நோயாளியக் கொண்டுபோக ஒரு வண்டி கிடைக்காது மனே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கார் வாங்கும் பேச்சு அவ்வீட்டில் ஏன் அவ்வளவு கனமாயிருந்தது என்பது எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மறுநாட் காலை வெருகற் கோயிலுக்குச் சாம்பல் காரிற் புறப்பட்டோம். வீட்டிலிருந்து பெருவீதிக்கு வர ஒரு கிறவல் ஒழுங்கை உண்டு. நடந்தால் பத்து நிமிடம். அந்த ஒழுங்கையின் ஒவ்வொரு கல்லையும் நாம் தனித்தனியே அறிந்துகொண்டோம். பெரியம்மா இரு கைகளாலும் ஆசனத்தை ஊன்றி, உதட்டைக் கடித்தபடி இருந்தார். "வைக்கல் போடாத மாட்டு வண்டி" என்றார். முற்காலத்தில் வண்டித் தட்டில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேற் பாய் விரித்தே பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிச் செல்வார்களாம். எனினும் பெருவீதிக்கு ஏறியதும் காட்சி மாறிற்று. மதகுகளில் கார் ஒரே முறை தட்டி அடங்கியது. மோட்டார் சைக்கிளொன்று குறுக்கே வந்தபோது தம்பி சுக்கானை அசைத்தார். கார் அக்கணமே விலகி அக்கணமே நேரானது. பேரன் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான்.

அன்று பிற்பகல் கார்களைத் திருப்பிக் கொடுக்க நகருக்குப் புறப்பட்டோம். நாம் சாம்பல் காரில் ஏறினோம். மடியில் ஒரு சட்டி எருமைத் தயிர். ஒழுங்கையைக் கடக்குமுன்பே தயிர் உடைந்து நீர் விட்டது. பெருவீதியிலோ, வாழைச்சேனைவரை சட்டி அசையவில்லை. இந்தத் தயிரைவிடச் செம்மையாக எந்தக் கருவி அளந்து சொல்லும்?

வாழைச்சேனையில் தம்பிக்குத் தெரிந்த கராஜ் ஒன்றில் இரண்டையும் காட்டினோம். வயதான மெக்கானிக் பேசவில்லை. வெள்ளைக் காரின் பின்மூலையை இரு கையாலும் அழுத்திவிட்டார். அது மூன்று முறை எழுந்தாடிற்று. நல்ல கார் ஒரு முறை எழுந்து தன் நிலைக்கு வந்து நின்றுவிட வேண்டும். குனிந்து பார்த்தால், இடப்பக்கப் பின் 'ஷொக் அப்சோபர்' எண்ணெய் கசிந்து புழுதி படிந்து கிடந்தது, மற்றவையும் சோர்ந்தவையே. வில்லின் வேலை அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. வாங்கியதை விரைவில் அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. அடக்குபவன் இறந்துபோன காரை நாம் 'மெத்தென்ற கார்' என்று புகழ்ந்திருக்கிறோம்! எருமைக்கு முன்னால் நடந்ததற்கும் அதுவே பெருங்காரணம். துள்ளும் சக்கரம் தரையைப் பற்றாது, பிடி தளர்ந்த சக்கரம் சுக்கானுக்கும் பிரேக்குக்கும் கீழ்ப்படியாது.

சாம்பல் காரின் கதை வேறு. கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் 175/65, 15 அங்குலம் என்று டயர் அளவு இருந்தது. முந்திய சொந்தக்காரர் அழகுக்காக 195/50, 16 அங்குலம் பூட்டியிருந்தார். முதலெண் டயரின் அகலம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கணக்குப் பார்த்தால் 114 மில்லிமீற்றர் உயரமான இறப்பர்ச் சுவர் 98 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, 33 இறாத்தல் இருக்க வேண்டிய காற்று 40 இறாத்தல். சிறு கற்களின் அதிர்வை முதலில் விழுங்க வேண்டியது டயர். அது கல்லாகிவிட்டால் வில் என்ன செய்யும்?

ஆக, அண்ணனும் தம்பியும் ஒரு மாதமாக வாதாடியது இரு கார்களின் இயல்பைப்பற்றியன்று. ஒன்றன் நோயையும் மற்றொன்றன் அலங்காரத்தையும் பற்றி.

இதனால் வேறுபாடே இல்லையென்று ஆகிவிடாது. மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்த நாளிலிருந்தே அதன் திருத்தமான சுக்கானுக்காகப் புகழப்பட்டது. 1955இல் வந்த சித்ரோயன் டி.எஸ். எண்ணெயும் வாயுவும் கொண்ட தாங்கிகளின்மேல், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் மட்டம் குலையாமல் மிதந்தது. மொறிஸ் ஒல்லி என்ற பொறியியலாளர் 1930களில் அமெரிக்காவில் ஆராய்ந்து கண்ட ஒரு நுட்பம் எம் பாலங்களுக்கு மிகப் பொருந்துவது. முன் வில்கள் சற்று மெதுவாகவும் பின் வில்கள் சற்று விரைவாகவும் ஆடினால் நல்லது என்றார் அவர். மேடொன்றை முன்சக்கரம் முதலிலும், பின்சக்கரம், 70 கிலோமீற்றர் வேகமாயின், நொடியில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு தாமதித்தும் அடைகின்றன. தாமதித்துத் தொடங்கிய பின்புறம் விரைந்து ஆடி முன்புறத்தை எட்டிப் பிடித்துவிட்டால், கார் தலையாட்டாமல் மட்டமாக எழுந்து தாழும். ஆனால் பின்னாசனத்தில் மூவரும் பெட்டியில் மா மூடையும் ஏறியதும் பின்புற ஆட்டம் மந்தமாகி, அந்த ஒழுங்கு குலைகிறது. தனியாக ஏறி ஊர்வீதியைச் சுற்றிவிட்டுக் கார் வாங்குவோர் இதை அறிய வழியில்லை. வாங்க நினைப்பவர் முழுக் குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டுதான் ஓட்டிப்பார்க்க வேண்டும்.

முடிவைச் சொன்னவர் பெரியம்மா. சாம்பல் காரின் ஆசனம் தாழ்வு. ஏறும்போதும் இறங்கும்போதும் முதுகு வளைய வேண்டியிருந்தது. வெள்ளைக் காரில் கதிரையில் இருப்பதுபோல இருந்து எழலாம். வில்லைப்பற்றி நாம் இத்தனை பேசியும் இந்த ஒன்றை நினைக்கவில்லை. வெள்ளையை வாங்கினார்கள். நான்கு ஷொக் அப்சோபர்களையும் மாற்றினார்கள். அதற்கான பணத்தை விலையிற் குறைத்தவர் தம்பி. இப்போதும் வளைவிற் சாய்கிறது என்று அவர் முறையிடுவதுண்டு, சாய்வது உண்மையே. பால்சேனைக்கு அப்பால் இருட்டில் நாற்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை என்று அண்ணன் சொல்கிறார்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு வந்தபோது எம் வீட்டு வாசலிலே கார் நின்றது. பனிச்சங்கேணியில் எண்ணிய கொக்குகளின் தொகையைச் சொல்லிக்கொண்டே பேரன் இறங்கினான். பெரியம்மா கொண்டுவந்த தயிர்ச் சட்டியின் தாளை அவிழ்த்துப் பார்த்தோம். ஓரத்தில் மட்டும் சிறிது நீர் விட்டிருந்தது.

"அது ஒழுங்கையில போனது மனே" என்றார் பெரியம்மா. "கிறவலுக்கு ஆர் என்ன செய்யலாம்?"